மனு கொடுக்க வந்தவர் எங்கே நிற்பார்?

பொதுக் கட்டடம் ஒன்றைப் பார்க்கப் போனால் முகப்பை நான் கடைசியாகத்தான் கவனிப்பேன். காத்திருப்பவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் முதலில் கண்ணில் படும். கட்டட வடிவமைப்புத் தொழில் தந்த பழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், வேலூர் வட்டாரத்து அலுவலகம் ஒன்றுக்கு மே மாதத்தில் அளவெடுக்கப் போயிருந்தேன். உள்ளே கிரானைட் தரை, உயரமான கூடம். மனுவோடு வந்த கூட்டமோ வெளியே ஒற்றை வேப்பமரத்தடியில். நிழல் நகர நகர வரிசையும் வளைந்து நகர்ந்தது.

வடக்குப் பார்த்த வாசல், வெயில் விழாது என்று வரைபடம் போட்டவர் நம்பியிருக்க வேண்டும். நம் ஊருக்கு அது பொருந்தாது. நாம் இருப்பது ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு அட்சரேகை. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்குச் சற்று வடக்கேதான் நிற்கும். கத்திரி வெயில் முழுவதும் இதற்குள் வந்துவிடுகிறது. ஆகவே வாசல் எந்தத் திசையானாலும் அகலமான தாழ்வாரம் வேண்டும். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் தூண் மண்டபத்தில் நின்று பாருங்கள்; பிறகு கண்ணாடி முகப்பு கேட்க மனம் வராது.

அந்த அலுவலகத்துக்கு நான்கு படிகள், 60 சென்டிமீட்டர் உயரம். பக்கத்தில் சாய்தளமும் உண்டு. நீளம் 2 மீட்டர்! ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்பது கணக்கு, அதன்படி 7.2 மீட்டர் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. பழைய பொதுக் கட்டடங்களையும் திருத்துவதற்கு, விதிகள் வெளியான 2017-இலிருந்து 5 ஆண்டு கெடு. அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கட்டடத்தின் அடிமேடையான பேஸ்மட்டத்தின் உயரம் முதலில் முடிவாகிவிடும். சாய்தளம் கடைசியில், கார் நிறுத்தியதுபோக மிஞ்சிய இடத்தில் வரும். என்னைக் கேட்டால் தனிச் சாய்தளமே வேண்டாம். வாசலுக்கு முன்னுள்ள தரையையே 12 மீட்டர் தூரத்துக்கு மெல்ல உயர்த்தினால் 20-க்கு 1 என்ற சரிவு கிடைக்கும். நடப்பவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் ஒரே வழியில் போகலாம். வரைபடத்திலேயே இதைச் சேர்த்தால் செலவும் பெரிதல்ல.

நான் டேப் பிடித்துக்கொண்டிருந்தபோது, கைத்தடியோடு வந்த பெரியவர் அந்தச் சாய்தளத்தை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இது ஸ்கூட்டர் ஏற்றுவதற்கா?"

பதிலுக்குக் காத்திராமல், பேத்தியின் தோளைப் பிடித்தபடி படியில் ஏறத் தொடங்கினார்.