வோல்ட் சரியாக இருந்தும் மோட்டார் ஏன் சூடாகிறது?

அமெரிக்காவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு சிங்கப்பூருக்குத் திரும்பிய நண்பர் ஒருவர், தம் வீட்டுச் சாமான்களோடு கைட்ரில் ஒன்றையும் மேசையில் பொருத்தும் பெஞ்ச் கிரைண்டர் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். இரண்டும் 120 வோல்ட் கருவிகள் என்பதால், இங்குள்ள 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் வாங்கிவைத்தார். ட்ரில் குறையில்லாமல் ஓடியது. கிரைண்டரோ வழக்கத்தைவிட மெதுவாகச் சுழன்று, கனத்த குரலில் உறுமி, சற்று நேரத்தில் கைவைக்க முடியாதபடி சூடானது. டிரான்ஸ்ஃபார்மரில்தான் கோளாறு என்று அவர் நினைத்தார். ஆனால் மல்டிமீட்டர் 120 வோல்ட்டைச் சரியாகவே காட்டியது.

கருவியின் விவரத் தகட்டில் வோல்ட்டுக்கு அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும் ஹெர்ட்ஸ் என்ற எண்ணைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை என்பதே இந்தக் குழப்பத்தின் வேர். அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 முறை அலைவது. சிங்கப்பூர் மின்சாரம் 50 முறை அலைவது. இந்த எண்ணிக்கையே அலைவெண்; ஹெர்ட்ஸ் அதன் அலகு. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டுமே மாற்றும். 50 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் வெளியே வருவதும் 50 ஹெர்ட்ஸ்தான்.

கைட்ரில், ஆங்கிள் கிரைண்டர், கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பம் போன்றவற்றில் கார்பன் பிரஷ் வைத்த யூனிவர்சல் மோட்டார் இருக்கும். அதில் நிலையான சுருளிலும் சுழலும் சுருளிலும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால், திசை மாறும்போது இரண்டின் காந்தப்புலமும் சேர்ந்தே மாறுகின்றன. சுழற்றும் விசையின் திசை மாறுவதில்லை. ஆகவே அதற்கு அலைவெண் ஒரு பொருட்டில்லை. வோல்ட் சரியாக இருந்தால் போதும். ஆனால் 120 வோல்ட் ட்ரில்லை நேரடியாக 230 வோல்ட்டில் செருகினால், வேகம் கட்டுமீறி ஏறி, பிரஷ்ஷில் தீப்பொறி பறந்து, சுருள் கருகிவிடும்.

பெஞ்ச் கிரைண்டர், மேசை ரம்பம், தூண் ட்ரில், பெரிய காற்றழுத்தி ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். இதன் வேகத்தை அலைவெண்ணே நிர்ணயிக்கிறது. 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3450 சுற்று என்று தகட்டில் போட்டிருக்கும் கிரைண்டர், 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 2850 சுற்றுதான் சுற்றும். வேகம் குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம். சூடுதான் மோட்டாரைக் கொல்கிறது. இரும்பு உள்ளகத்தில் உருவாகும் காந்தப்பாயம் (இரும்பின் ஊடே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு), வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் கிடைக்கும் அளவைப் பின்பற்றுகிறது. 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. 50-ஆல் வகுத்தால் 2.4. இந்த 20 விழுக்காடு கூடுதல் பாயத்தை ஏற்க இரும்பில் இடமில்லாதபோது அது தெவிட்டிப்போய், மோட்டார் வேலையே செய்யாமல் சும்மா சுழலும்போதுகூடச் சுருள்கள் மிகையான மின்னோட்டத்தை இழுக்கின்றன. போதாக்குறைக்கு, குளிரவைக்கும் விசிறியும் அதே தண்டில் மெதுவாகச் சுழல்கிறது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வகுத்தலின் விடை மறுபடியும் 2 ஆக வேண்டுமானால், 50 ஹெர்ட்ஸில் 100 வோல்ட் கொடுக்க வேண்டும். ஜப்பானியக் கருவிகளுக்காக விற்கப்படும் 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரே அதற்குப் போதும். திறன் ஆறில் ஒரு பங்கு குறையும், மோட்டார் பிழைக்கும். ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸும் புழங்குவதால், அங்கு விற்கப்படும் கருவிகள் பலவற்றின் தகட்டில் 50/60 என்றே இருக்கும். 1890-களில் தோக்கியோ ஜெர்மானிய இயந்திரங்களையும் ஒசாகா அமெரிக்க இயந்திரங்களையும் வாங்கியதன் விளைவு அது.

இன்னொரு கோளாறு மறைவானது. ஓட்டத்தைத் தொடங்கிவைக்க மட்டும் உதவும் ஸ்டார்ட்டிங் சுருள் உள்ள மோட்டார்களில், முழு வேகத்தின் 70 முதல் 80 விழுக்காட்டை எட்டியதும், சுழலும் வேகத்தால் இயங்கும் ஒரு மையவிலக்கு சுவிட்ச் ‘டிக்’ என்று திறந்து அந்தச் சுருளைத் துண்டிக்கும். 60 ஹெர்ட்ஸுக்குரிய 1800 சுற்றைக் கணக்கிட்டு அமைத்த சுவிட்ச் 1440-இல் திறப்பதாக இருந்தால், 50 ஹெர்ட்ஸில் சுமையோடு 1425 சுற்றுக்கு மேல் ஏறாத மோட்டார் அந்த வேகத்தை எட்டவே எட்டாது. சில விநாடிகளுக்கு மட்டுமே என்று சுற்றப்பட்ட சுருளில் தொடர்ந்து மின்சாரம் பாய்ந்து அது கருகிவிடும். ஓடத் தொடங்கிய பின்னும் ‘டிக்’ என்ற ஒலி கேட்கவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரின் அளவிலும் கவனம் தேவை. 1500 வாட் கருவி 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும், தொடங்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு. எனவே ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 3000 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது நல்லது. முழுச் சுமையில் அது நம் 13 ஆம்பியர் பிளக்கின் எல்லையைத் தொட்டுவிடும். பயணிகளுக்கென விற்கும் கையடக்கமான, எடையற்ற மாற்றிகள் சில, மின்சார அலையின் ஒரு பகுதியை வெட்டித் தருபவை. அவை தலைமுடி உலர்த்திக்கு உதவலாம். அலையின் உயர்ந்த உச்சம் பெரிதும் குறையாமல் கடந்துவரக்கூடும் என்பதால் மின்னணுச் சுற்றுகளுக்கு ஆகாது. பேட்டரி சார்ஜரின் தகட்டில் 100–240 என்று இருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால், இத்தகைய மாற்றியில் செருகும்போது அந்த உச்சமே அதன் மின்தேக்கியை வெடிக்கச் செய்யலாம்.

சிங்கப்பூரில் வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுசெல்லும் கருவிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டுமே வேறு. பிளக்கை மாற்றும்போது மட்டும் வயரின் நிறத்தை நம்பி இணைத்துவிடாதீர்கள்: அமெரிக்க முறையில் கறுப்பு மின்சாரம் வரும் வயர், வெள்ளை நியூட்ரல்; பழைய பிரிட்டிஷ் முறையிலோ கறுப்புதான் நியூட்ரல்.