தூசியா, நட்சத்திரமா?

விண்வெளிக் காட்சி ஒன்றின் ஒரே ஒரு பிரேமை நிறுத்தி வைத்துப் பாருங்கள். கன்னங்கரேலென்ற பின்னணியில் உப்பை இறைத்தது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். சில புள்ளிகள் நட்சத்திரங்கள். சில, பிரதி எடுத்தபோது நெகட்டிவ் மேல் உட்கார்ந்திருந்த தூசியின் தடம். தூசி வெளிச்சத்தை மறைத்ததால் அங்கே பிரதியில் வெள்ளை விழுந்துவிட்டது. இன்னும் சில, ஓட்டி ஓட்டி பிலிமில் சாயம் பெயர்ந்துபோன இடங்கள். எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 1977 மே மாதம் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் பழைய பிரதிகளைச் சொந்தக் காசில் ஸ்கேன் செய்து, வீட்டுக் கணினியில் சுத்தம் செய்யும் ரசிகர்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவது இந்தப் புள்ளிகளோடுதான்.

ஸ்டுடியோ செய்யவேண்டிய வேலையை ரசிகர்கள் ஏன் தலையில் போட்டுக்கொண்டார்கள்? படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் 1997இல் அதைத் திருத்தி, புதிய கிராபிக்ஸ் காட்சிகள் சேர்த்து மறுபடி வெளியிட்டார். 2004இல் டிவிடி, 2011இல் புளூ-ரே, 2019இல் 4கே என்று ஒவ்வொரு முறையும் மேலும் கொஞ்சம் மாறியது. 1977இல் மக்கள் பார்த்த வடிவம் 2006இல் ஒரு டிவிடியின் இலவச இணைப்பாக வந்தது. அதுவும் 1993இல் லேசர்டிஸ்க்குக்காகத் தயாரித்த பழைய வீடியோ மாஸ்டரிலிருந்து எடுத்தது. இன்றைய டிவியில் போட்டால் நடுவில் ஒரு சின்ன ஜன்னலாகத் தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய படங்களின் மூல வடிவத்தைச் சிதைக்கக்கூடாது என்று 1988இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் போய்ச் சாட்சி சொன்னவர்களில் லூகாஸும் ஒருவர்.

சட்டப்படி பார்த்தால் ரசிகர்கள் செய்வது பதிப்புரிமை மீறல்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் வேதியியலும் கணக்கும் ரொம்ப சுவாரசியமானவை.

ரசிகர்கள் கையில் நெகட்டிவ் கிடையாது. கிடைப்பது தியேட்டர்களில் ஓடிய 35 மி.மீ. பிரதிகள், அதாவது சேகரிப்பாளர்களின் வீட்டு அலமாரிகளில் தப்பிப் பிழைத்த ரீல்கள். அவற்றில் இரண்டு சாதி உண்டு. பெரும்பாலானவை ஈஸ்ட்மேன் வகை. ஒரே பிலிமில் மூன்று படலங்கள் இருக்கும். கழுவும்போது ஒவ்வொன்றிலும் ஒரு சாயம் உருவாகும். மேலே மெஜந்தா (ஊதா கலந்த ரோஸ்), நடுவில் சயான் (பச்சை கலந்த நீலம்), அடியில் மஞ்சள். பழைய பிரிண்ட்டுகளில் பச்சைப் பச்சையாகக் கோடு விழுந்து 'மழை பெய்ததை' நம் தியேட்டர்களில் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் இங்கே இருக்கிறது. லேசான கீறல் மேலே உள்ள மெஜந்தாவை மட்டும் சுரண்டும். மிச்சமிருக்கும் சயானும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. கீறல் இன்னும் ஆழமாகப் போனால் சயானும் போய்க் கோடு மஞ்சளாகும். எல்லாம் போய்விட்டால் வெள்ளை.

இந்தச் சாயங்கள் இருட்டில் மூடி வைத்திருந்தாலும் தானாகவே சிதையும். அக்காலப் பிரதிகளில் முதலில் போவது சயான், அதன் பின்னால் மஞ்சள். மெஜந்தா மட்டும் பிடிவாதமாக நிற்கும். அதனால்தான் எழுபதுகளின் பிரதிகள் இன்று ரோஸ் மில்க்கில் முக்கி எடுத்தது போல இருக்கின்றன. 1980 வாக்கில் மார்ட்டின் ஸ்கோர்செஸி போன்ற இயக்குநர்கள் இதற்காகப் போர்க்கொடி தூக்கினார்கள். எளிதில் மங்காத பிலிம் அப்புறம்தான் வந்தது.

இன்னொரு சாதி டெக்னிகலர் நிறுவனத்தின் சாய அச்சு முறையில் எடுத்தவை. காலண்டர் அச்சடிப்பது போன்ற வேலை அது. மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக மேடுபள்ளமான ஜெலட்டின் அச்சு தயாரித்து, தயார்நிலைச் சாயத்தில் நனைத்து, வெற்றுப் பிலிம் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றி எடுப்பார்கள். சாயம் பிலிமுக்குள்ளேயே உருவாகவேண்டிய கட்டாயம் இல்லாததால், எது நீடித்து உழைக்குமோ அதையே தேர்ந்தெடுக்கலாம். ஹாலிவுட் ஆலை எழுபதுகளின் நடுவிலேயே இந்த முறையைக் கைவிட்டது. லண்டன் ஆலை 1978இல்தான் நிறுத்தியது. அந்தக் கடைசிக் காலத்தில் லண்டனில் அச்சான சில 'ஸ்டார் வார்ஸ்' பிரதிகளில் நிறம் இன்றும் குலையாமல் இருக்கிறது. அப்படியொரு பிரதியை 2025 ஜூனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் லண்டனில் திரையிட்டது.

ரோஸ் மில்க்குக்கு வருவோம். சிவப்பு கூடிவிட்டது, ஸ்லைடரைப் பிடித்துக் குறைத்துவிட்டால் போச்சு என்றுதான் முதலில் தோன்றும். செய்து பாருங்கள்: முகம் ஒருவழியாகச் சரியாகும், வெள்ளை உடை பச்சை நீலமாகும், கருப்பு மட்டும் இன்னும் செங்கல் நிறத்தில் நிற்கும். காரணம், சாயம் எல்லா இடத்திலும் ஒரே அளவு போகவில்லை. ஒரே விகிதத்தில் போயிருக்கிறது.

பிலிமில் சாயத்தை அடர்த்தி என்ற அளவால் சொல்வார்கள். அடர்த்தி 1 என்றால் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் ஊடுருவும், 2 என்றால் நூறில் ஒன்று, 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று. சயான் சாயத்தின் வேலை சிவப்பு ஒளியைத் தடுப்பது. கருப்பான இடத்தில் சயான் அடர்த்தி 3, முகத்தில் 1, வெள்ளை உடையில் 0.1 என்று வைத்துக்கொள்வோம். பாதிச் சாயம் போய்விட்டால் 1.5, 0.5, 0.05 ஆகும். கருப்பில் ஆயிரத்தில் ஒன்றாகக் கசிந்த சிவப்பு இப்போது ஏறக்குறைய முப்பதில் ஒன்றாகப் பாய்கிறது. முகத்தில் பத்தில் ஒன்றாக இருந்தது மூன்றில் ஒன்றாகிறது. வெள்ளை உடையில் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றும் நடக்கவில்லை. இதற்கு மருந்து கூட்டல் கழித்தல் இல்லை, பெருக்கல். ஒளி அளவுகளை மடக்கை எண்களாக, அதாவது அடர்த்தியாக, மாற்றி, சயானை மட்டும் இரண்டால் பெருக்கி, திரும்ப ஒளியாக்கினால் மூன்று இடமும் ஒருசேர மீளும்.

தாளில் இவ்வளவு சுலபம். நடைமுறையில் எந்தச் சாயமும் யோக்கியமில்லை. சயான் சிவப்பை மட்டும் தடுக்காமல் பச்சையையும் நீலத்தையும் கொஞ்சம் விழுங்கும். மெஜந்தாவுக்கும் அதே புத்தி. ஆகவே ஸ்கேனர் தரும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முதலில் பிரித்து, எந்தச் சாயம் எவ்வளவு மிச்சம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அது மூன்றுக்கு மூன்று அணிக் கணக்கு. அப்புறம் பெருக்கும்போது சாயத்தோடு பிலிமின் கிரெயினும் (படத்தில் பொடிமணல் போலத் தெரியும் துகள்கள்) ஸ்கேனரின் இரைச்சலும் சேர்ந்து பெருகும். பாதி போனால் மீட்கலாம். முழுக்கப் போன சாயத்தைப் பெருக்கினால் பூஜ்யம்தான் வரும்.

அதனால் நல்ல ஸ்கேன்தான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். தியேட்டர் பிரதி ஸ்கேன் செய்யப் பிறந்ததல்ல, பலத்த விளக்கின் முன்னால் ஓடப் பிறந்தது. அதன் கருப்பு மிக அடர்த்தியானது. ஒரு முறை வெளிச்சம் அடித்தால் ஒன்று வெள்ளை வெளுத்துப்போகும், இல்லையென்றால் கருப்பு அப்படியே கட்டியாக நிற்கும். எனவே நல்ல ஸ்கேனர்கள் ஒரே பிரேமை வெவ்வேறு வெளிச்சத்தில் இரண்டு மூன்று முறை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். படத்தின் நீளம் 121 நிமிடம், நொடிக்கு 24 பிரேம், மொத்தம் 1,74,240. 4கே அளவில் ஒரு பிரேம் ஏறத்தாழ 50 மெகாபைட் என்றால், முழுப்படம் கிட்டத்தட்ட 9 டெராபைட். இது வேலை தொடங்குவதற்கு முந்தைய கணக்கு!

கீறலுக்கு ஸ்கேன் செய்யும்போதே ஒரு வைத்தியம் உண்டு. குளியலறை ஜன்னலின் சொரசொரப்புக் கண்ணாடி மேல் தண்ணீர் தெளித்தால் அந்த இடம் தெளிவாகிவிடும், கவனித்திருப்பீர்கள். பள்ளங்களைத் தண்ணீர் நிரப்புவதால் ஒளி சிதறாமல் நேராகப் போகிறது. பிலிமின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருக்கமான ஒரு திரவத்தில் நனைத்தபடியே ஸ்கேன் செய்தால், முதுகுப்பக்கக் கீறல்கள் இருந்த இடம் தெரியாமல் மறையும். சாயம் பெயர்ந்த ஆழமான கீறலுக்கு இது உதவாது. அங்கே நிரப்ப வேண்டியது பள்ளத்தை அல்ல, நிறத்தை.

தூசிக்கு அகச்சிவப்பு ஒளி. மூன்று சாயங்களுமே அகச்சிவப்புக்குக் கண்ணாடி மாதிரி. அந்த ஒளியில் எடுத்தால் படம் காணாமல் போய்விடும், பிலிம் மேல் உள்ள அழுக்கு மட்டும் கருப்பாக நிற்கும். அழுக்கின் வரைபடம் கைக்கு வந்த மாதிரி. எனக்கு இந்த முழுச் சமாசாரத்திலும் மிகப் பிடித்த உத்தி இதுதான். ஆனால் இந்தப் பிரதியின் மேல் இன்று உட்கார்ந்திருக்கும் தூசியைத்தான் அது காட்டும். முதலில் சொன்ன நெகட்டிவ் தூசி, படத்தோடு படமாகவே அச்சாகிவிட்டது; அது அகச்சிவப்பில் மாட்டாது.

அதைப் பிடிக்க நிரல்கள் காலத்தை நம்புகின்றன. முந்தைய பிரேமிலும் இல்லை, அடுத்த பிரேமிலும் இல்லை, இதில் மட்டும் ஒரு புள்ளி இருக்கிறது என்றால் அது தூசி. நியாயமான தர்க்கம். ஆனால் வெடித்துச் சிதறும் தீப்பொறியும் ஒரு பிரேம்தான் இருக்கும். லேசர் கீற்று ஒரு பிரேமில் திரையின் இந்த மூலையிலும் அடுத்ததில் வேறெங்கோவும் இருக்கும். கேமரா வேகமாகத் திரும்பினால் நட்சத்திரங்களுக்கும் அதே கதி. தானியங்கிச் சுத்தத்தை நம்பி இரவு கணினியை ஓடவிட்டுத் தூங்கினால், காலையில் வானம் படு சுத்தமாக இருக்கும், பாதி நட்சத்திரங்கள் இருக்காது. விண்வெளிக் காட்சிகளுக்கு ஆள் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

சரி, தூசி போயிற்று. 'சரியான' நிறம் எது? 1977இல் படம் பார்த்தவர்களைக் கேட்டுப் பயனில்லை; கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகிவிடும், ஞாபகம் அதைவிட மோசம். லேப்பில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று நிற விளக்குகளைப் படிப்படியாகக் கூட்டிக் குறைத்துத்தான் பிரதி எடுத்தார்கள். லேப்புக்கு லேப் வித்தியாசம் வரும். தியேட்டரில் கார்பன் ஆர்க் எரிந்தால் ஒரு வெள்ளை, செனான் விளக்கு என்றால் வேறு வெள்ளை. அதனால்தான் மங்காத டெக்னிகலர் பிரதிக்கு இவ்வளவு மதிப்பு. அதைத் தனியாக ஸ்கேன் செய்து, கையிலுள்ள மங்கிய ஸ்கேனோடு ஷாட் ஷாட்டாக ஒப்பிட்டு, 'இந்த நிறம் வந்தால் அந்த நிறமாக மாற்று' என்று ஒரு முப்பரிமாண அட்டவணை தயாரிப்பார்கள். சினிமாக்காரர்கள் 'லட்' என்று சொல்வது இதைத்தான். 1990களில் ஸ்டுடியோவே நெகட்டிவைச் சீரமைத்தபோதும், நிறத்துக்கு ஆதாரமாக லூகாஸிடம் இருந்த டெக்னிகலர் பிரதியைத்தான் பார்த்தார்கள். இருந்தும் 2004 டிவிடியில், விண்கலத்தில் கதாநாயகன் லூக் பயிற்சி எடுக்கும் காட்சியில் அவனுடைய நீல ஒளிவாள் பச்சையடித்தது.

நிறத்தைத் தொட்டால் ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வரும் என்பது இன்னொரு பாடம். விண்கலச் சண்டைகளில் தனித்தனியாகப் படம்பிடித்த மாடல்களை, பிலிமிலிருந்து பிலிமுக்குப் படமெடுக்கும் ஆப்டிக்கல் பிரிண்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் மறைப்புக்காகப் போட்ட ஒரு பெட்டி உண்டு, அதன் கருப்பு சுற்றியுள்ள கருப்பைவிட ஒரு பிசிறு வித்தியாசம். தியேட்டர் பிரதியின் ஆழ்ந்த கருப்பில் அது மூழ்கிவிடும். வீட்டு வீடியோவில் கருப்பைக் கொஞ்சம் தூக்கியதும் கலங்கள் ஒவ்வொன்றும் சாம்பல் நிறப் பெட்டிக்குள் பறக்க ஆரம்பித்தன. பல பேர் அதை மூலப் படத்தின் குறை என்றே நினைத்தார்கள். அது கிரேடிங், அதாவது நிறமும் வெளிச்சமும் சரிசெய்யும் வேலை, செய்தவரின் குறை.

உண்மையிலேயே மூலத்தில் இருந்த குறைகளும் உண்டு. தரையில் மிதந்து போகும் லூக்கின் வண்டிக்கு அடியில் சக்கரங்கள் இருந்தன. லென்ஸில் வாசலினைத் தடவி அவற்றை மறைத்தார்கள். அந்த மங்கல் திட்டு 1977 பிரதியில் தெளிவாகத் தெரியும், 1997இல் துடைத்துவிட்டார்கள். ரசிகர்களின் சீரமைப்பில் அது அப்படியே இருக்கும். நானாக இருந்தாலும் அதைத் தொடமாட்டேன். கிரெயினும் இதே கட்சி. 2018இல் வந்த '4கே77' என்ற ரசிகர் பதிப்பு, 97 சதவீதம் ஒரே ஒரு 1977 தியேட்டர் பிரதியிலிருந்து எடுத்ததாக அதன் குழு சொல்கிறது. கிரெயினைக் குறைத்த வடிவம் ஒன்று, கை வைக்காத வடிவம் ஒன்று என்று இரண்டாக வெளியிட்டார்கள். சண்டை வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

கடைசியாக ஒரு புள்ளி. ஒவ்வொரு ரீலும் முடியும் முன் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னி மறையும். சில நொடி கழித்து இன்னொன்று. முதல் வட்டம் ஆப்பரேட்டருக்கு 'அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரைப் போடு' என்று சொல்வது, இரண்டாவது 'மாற்று' என்று சொல்வது. படம் எடுத்தவர்கள் யாரும் அதைக் காட்சிக்காக வைக்கவில்லை, ஆனால் 1977இல் படம் பார்த்தவர்களின் திரையில் அது இருந்தது. ஒவ்வொரு வட்டமும் நான்கு பிரேம் நிற்பதால், தூசி பிடிக்கும் நிரல் அதைப் படம் என்றே நம்பிக் கடந்துபோய்விடும். வேண்டாம் என்றால், ஒருவர் ரீல் ரீலாகப் போய்க் கடைசியில் எட்டு எட்டு பிரேம்களைக் கையால் அழிக்க வேண்டும்.