டேட்டா லோக்கலைசேஷன்: உள்ளூரா, உள்நாடா?

வேலூரில் ஒருவர் ‘உள்ளூர்’ என்றால் சத்துவாச்சாரி, பாகாயம், மிஞ்சிப்போனால் பாலாற்றைத் தாண்டிக் காட்பாடி. ஆற்காடே வெளியூர்தான். அப்படியிருக்க, டேட்டா லோக்கலைசேஷன் என்பதைத் ‘தரவு உள்ளூர்மயமாக்கல்’ என்று எழுதினால் மும்பையில் இருக்கும் சர்வரும் உள்ளூர் ஆகிவிடுகிறது. மென்பொருளை நம் மொழிக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றுவதற்கும் இதே சொல் புழங்குவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

சரி, பொருள் என்ன? தன் மக்களைப் பற்றிய தரவைத் தன் நாட்டுக்குள்ளேயே சேமித்து வைக்க வேண்டும் என்று ஓர் அரசு விதிப்பது. ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கார்டைத் தேய்க்கிறோம். அந்தப் பணப்பரிமாற்றத்தின் முழுப் பதிவும் இந்தியாவில் மட்டுமே இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. கணக்கிடும் வேலை வெளிநாட்டில் நடக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் அங்கே அழித்துவிட்டு இங்கே கொண்டுவந்துவிட வேண்டும். இதைச் சரிவரப் பின்பற்றவில்லை என்று 2021இல் மாஸ்டர்கார்டு புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தடை வந்தது. அடுத்த ஆண்டு நீங்கியது.

லோக்கல் என்பதன் வேர் லத்தீன் ‘லோகஸ்’, அதாவது இடம். டேட்டாவின் வேர் இன்னும் அழகு: லத்தீனில் ‘தாட்டும்’ என்றால் தரப்பட்டது. நம் ‘தரவு’ம் தருதலிலிருந்து பிறந்ததுதான். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர். இவ்வளவு பொருத்தமான சொல்லை வைத்துக்கொண்டு பின்பாதியில் ஏன் சறுக்க வேண்டும்? ‘தரவு உள்நாட்டிருப்பு’ என்பது என் பரிந்துரை. இருப்பு என்றால் கடைக்காரருக்கும் புரியும்.

ஆனால் எல்லா விதியும் இருப்பைப் பற்றியதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் (GDPR), தரவு போய்ச் சேரும் இடத்திலும் அதே அளவு பாதுகாப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. நம் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்தெந்த நாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்க இடம் தருகிறது. இவற்றுக்குத் ‘தரவு எல்லைக் கட்டுப்பாடு’ என்பதே பொருந்தும்.

வேலூருக்குச் சிகிச்சைக்கு வரும் வங்கதேசத்தவர்கள் ரிப்போர்ட் ஃபைலைக் கையில் பிடித்தபடி ஊர் திரும்புவதை நாம் பார்த்திருக்கிறோம். அதற்கும் இந்தக் கட்டுப்பாட்டுக்கும் தொடர்பில்லை. தன் ரிப்போர்ட்டை நோயாளி தானே கொண்டுபோவது வேறு. அதே ரிப்போர்ட்டை ஒரு நிறுவனம் வெளிநாட்டு சர்வருக்கு அனுப்புவது வேறு. 2023 சட்டம் கணக்கில் கொள்வது பின்னதைத்தான்.