தண்ணீரே தண்ணீரைத் தூக்கும்: விடுதித் தாங்கிக்கு ஒரு ராம் பம்பி

அட்டன் பக்கத்துக் கல்லூரி விடுதியொன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "விடுதிக்குக் கீழே ஓடை ஓடுகிறது, மேலே தாங்கி காய்கிறது. கரண்ட் இல்லாமலே தண்ணீர் ஏற்றும் பம்பி என்று ஒரு காணொளி பார்த்தேன். உண்மையா?"

உண்மைதான். ஆனால் அந்தக் காணொளிகள் சொல்வதுபோல அது 'இலவச ஆற்றல்' அல்ல. நிறையத் தண்ணீர் கொஞ்ச உயரம் இறங்கும் வலுவில், கொஞ்சத் தண்ணீர் நிறைய உயரம் ஏறுகிறது. வெப்பக்காற்று பலூன் பறக்கவிட்ட சகோதரர்களில் ஒருவரான ஜோசப் மொங்கோல்பியே 1796இல் தானாக இயங்கும்படி செய்த பம்பி இது.

உதாரணமாக, ஓடையை மறித்துக் கட்டிய தொட்டிக்கு 4 மீற்றர் கீழே பம்பி. நடுவில் 20 மீற்றர் நீளத்துக்கு 2 அங்குல ஜீ.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். அதற்குள் இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 40 கிலோ. பம்பியில் இரண்டு வால்வுகள். முதலாவதான கழிவு வால்வு தன் பாரத்தால் திறந்து கிடக்க, தண்ணீர் அதன் வழியே கொட்டும். கொட்டக் கொட்ட வேகம் கூடும். வினாடிக்கு 1 மீற்றரை நெருங்கும்போது, ஓடும் தண்ணீரே வால்வைத் தூக்கி 'டக்' என்று அடைத்துவிடும். 40 கிலோ தண்ணீரும் போக வழியின்றி முட்டி நிற்கும்.

இந்த முட்டல்தான் பம்பியின் உயிர். முன்னால் நின்ற தண்ணீர் நசுங்க, பின்னால் வருவது அதன்மேல் மோதி நசுங்க, ஓர் அழுத்த அலை குழாயில் மேல்நோக்கி ஓடும். இரும்புக் குழாயில் அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,300 மீற்றர். தண்ணீரின் அடர்த்தி, அலையின் வேகம், நின்றுபோன ஓட்டத்தின் வேகம் மூன்றையும் பெருக்கினால் அழுத்தம் வந்துவிடும். ரஷ்ய விஞ்ஞானி ஜூகோவ்ஸ்கி 1898இல் காட்டிய கணக்கு இது. நம் குழாயில் அது 130 மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தம். வெறும் 4 மீற்றர் இறக்கத்திலிருந்து இவ்வளவு! பிவிசி குழாய் போட்டால் அதன் சுவர் விரிந்து கொடுக்கும். அலையின் வேகம் 400 அளவுக்குக் குறையும். அழுத்தமும் 40 மீற்றருக்கு விழும். தாங்கி 40 மீற்றர் மேலே இருந்தால் ஒரு சொட்டும் ஏறாது. இந்தக் குழாயில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

அழுத்தம் ஏறியதும் இரண்டாவது வால்வு திறந்து, கொஞ்சத் தண்ணீர் காற்றறைக்குள் பாயும். 4 அங்குலக் குழாயில் 60 சென்ரிமீற்றர் துண்டு வெட்டி மேல்வாயை மூடினால் காற்றறை தயார். உள்ளே நசுங்கிய காற்று அந்தத் தண்ணீரை மேலே தள்ளும். அலை திரும்பி வரும்போது அழுத்தம் சட்டென இறங்க, கழிவு வால்வு விழுந்து திறக்கும். மறுபடி ஓட்டம், மறுபடி 'டக்'. நிமிடத்துக்கு 60 தடவை, இரவும் பகலும்.

நிமிடத்துக்கு 60 லீற்றர் ஓடை, 60 வீதத் திறன், 40 மீற்றர் ஏற்றம் என்றால், 60 × 4 × 0.6 ÷ 40 = 3.6 லீற்றர். ஓர் அடிக்கு இரண்டு மிடறு பிளேன்டி அளவுதான். ஆனால் நாளுக்கு 5,000 லீற்றருக்கு மேல். ஆளுக்கு 100 லீற்றர் என்றால் 50 மாணவருக்குப் போதும். மின் மோட்டர் இதற்கு நாளுக்கு இரண்டு அலகுக்குள்தான் எடுக்கும். ஆகவே மின்கட்டணம் பெரிதாகக் குறையும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. இலாபம் வேறிடத்தில்: குறைந்த வோல்ற்றேஜில் எரியும் மோட்டர் இல்லை, சுருள் கட்டும் செலவு இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்தபோதும் இப்படியொரு பம்பி நிற்காமல் அடித்திருக்கும்.

பழுதை ஓசையே சொல்லிவிடும். மெத்தென்ற 'டக்' மாறி இரும்பில் சம்மட்டி விழுவதுபோல் கேட்டால், காற்றறையில் தண்ணீர் நிரம்பிவிட்டது. அழுத்தத்தில் காற்று மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைந்து போய்விடும். அதை ஈடுசெய்யத்தான் இரண்டாவது வால்வுக்குச் சற்றுக் கீழே 1.5 மில்லிமீற்றர் துளை. அழுத்தம் இறங்கும் கணத்தில் அது ஒரு குமிழி காற்றை உறிஞ்சும். துளை அடைத்தால் அறையை வடித்துவிட்டுக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கழிவு வால்வு மூடாமல் கொட்டிக்கொண்டே இருந்தால் யூக்கலிப்டஸ் இலையோ கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியோ சிக்கியிருக்கும். தொட்டி வாயில் வலை வேண்டும். முதலில் ஓடவைக்கும்போது கழிவு வால்வைக் கையால் 20, 30 தடவை அழுத்திவிட வேண்டும்.

பேராதனை முதல் பத்தனை வரை சரிவிலே கட்டிய விடுதிகளுக்குப் பக்கத்து ஓடைகள் எத்தனை, கோடையில் எவ்வளவு ஓடுகின்றன என்று அளக்க, ஆய்வுப் பணத்தில் ஒரு பங்காவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அளப்பது எளிது: 20 லீற்றர் வாளி 20 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 60 லீற்றர். மேற்குச் சரிவில் பெப்ரவரி, மார்ச்சில் அளந்து பாருங்கள். தென்மேல் பருவ மழையில் எந்த ஓடையும் பொங்கித்தான் ஓடும்.

தேயிலை மலையிலிருந்து வரும் தண்ணீரில் உரமும் மருந்தும் கலந்திருக்கலாம். கழிப்பறை, துணி துவைத்தல், தோட்டம் இவற்றுக்கு மட்டும் அது போதும். கழிவு வால்வில் கொட்டும் 56 லீற்றரும் ஓடைக்கே திரும்ப வேண்டும், கீழே லயத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலேயே.