மலை சரிந்தால் எழும் சுனாமி

பதிவாகியிருக்கும் சுனாமிகளிலேயே நீர் மிக உயரமாக ஏறியது 1958 ஜூலை 9 அன்று, அலாஸ்காவின் லிடுயா விரிகுடாவில். நிலநடுக்கம் உலுக்கியதில் செங்குத்தான மலையிலிருந்து சுமார் 3 கோடி கன மீட்டர் பாறை பெயர்ந்து நீரில் விழுந்தது. எதிர்ப்பக்க மலையில் 524 மீட்டர் உயரம் வரை ஏறிய நீர், அங்கிருந்த காட்டையே வழித்துக்கொண்டு போனது.

2004-இல் நாம் பார்த்தது வேறு வகை. அதில் கடல்தரை சில மீட்டர்தான் உயர்ந்தது. ஆனால் பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு உயர்ந்தது. அப்படி எழும் அலை பெருங்கடலையே கடந்து வரும். தொலைவில் இருப்பவர்களுக்குத் தப்பிக்க நேரம் இருக்கும். மலைச்சரிவு சுனாமியில் குறுகிய நீர்ப்பரப்புக்குள் பாறை விழுகிறது. அங்கிருந்த நீருக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. தூரம் போகப் போக அலை சீக்கிரம் தணிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்களுக்கோ சில நிமிடங்கள்தான்.

எச்சரிக்கை மையங்கள் பெரும்பாலும் நிலநடுக்கத்தை வைத்தே கணிக்கின்றன. 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவின் அனாக் கிரகடாவ் எரிமலையின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்தபோது பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லை, அதனால் எச்சரிக்கையும் போகவில்லை. சுந்தா நீரிணையின் கரைகளில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மலைச்சரிவுகளை ஆய்வு செய்யும் என் போன்ற புவியியலாளர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியது இத்தாலியின் வயோன்ட் அணை. 262 மீட்டர் உயரம். 1960-இல் நீர் நிரப்பத் தொடங்கியதும் பக்கத்தில் இருந்த டோக் மலையின் சரிவு நகர ஆரம்பித்தது. அந்த நவம்பரிலேயே ஒரு பகுதி இடிந்து நீர்த்தேக்கத்தில் விழ, மேலே சுமார் 2 கிலோமீட்டருக்கு விரிசல் ஓடியது. சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய களிமண் படலங்கள் இருந்தன. அங்கே நீரழுத்தம் ஏறினால் மேலிருக்கும் பாறைக்குப் பிடிமானம் குறைந்துவிடும். நீர்மட்டத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கினால் நகர்வைக் கட்டுக்குள் வைக்கலாம் என்று பொறியாளர்கள் நம்பினார்கள். ஊர்மக்களின் அச்சத்தைச் செய்தியாக எழுதிய டினா மெர்லின் என்ற பத்திரிகையாளர் மீது பொய்ச்செய்தி பரப்பியதாக வழக்குப் போடப்பட்டது; நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1963 அக்டோபரில் சரிவு ஒரு நாளைக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் நகர்ந்தது. 9-ஆம் தேதி இரவு 10.39-க்கு ஏறக்குறைய 26 கோடி கன மீட்டர் பாறை நீர்த்தேக்கத்துக்குள் பாய்ந்தது. அணை உடையவில்லை. அதைத் தாண்டி விழுந்த நீர் கீழே லோங்கரோனே ஊரை அழித்தது. சுமார் 2,000 பேர் இறந்தார்கள். அளவீடுகள் இருந்தன, விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. இருந்தும் லோங்கரோனேயைக் காலி செய்யச் சொல்லவில்லை. இதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

நார்வேயில் 1934-இல் டாஃப்யோர்டில் இப்படி எழுந்த அலை 40 பேரைக் கொன்றது. இப்போது அங்கே ஓக்னெஸ் மலையில் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் விரியும் வெடிப்பைக் கருவிகள் இரவும் பகலும் கண்காணிக்கின்றன. நகர்வு வேகமெடுத்தால் கெய்ராங்கர் போன்ற ஊர்களை முன்கூட்டியே காலி செய்யத் திட்டம் தயாராக இருக்கிறது. சரியான வழி இதுதான்.

புவி வெப்பமாவது ஆபத்தைக் கூட்டுகிறது. மலையடிவாரத்தைத் தாங்கி நின்ற பனியாறு மெலிந்ததால், 2023 செப்டம்பரில் கிரீன்லாந்தின் டிக்சன் ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடற்கழி) மலைமுகடு இடிந்து, சுமார் 200 மீட்டர் உயர அலை எழுந்தது. நீர் இரு கரைகளுக்கும் இடையே ஆடிய அதிர்வு 9 நாட்கள் உலகெங்கும் நிலநடுக்கமானிகளில் பதிவானது. அடுத்த மாதமே சிக்கிமில், தெற்கு லோனாக் ஏரிக்குள் பனியாறு விட்டுச்சென்ற மண்பாறைக் குவியல் சரிந்து பேரலையைக் கிளப்பியது. ஏரி உடைந்து, டீஸ்டா ஆற்றில் சுங்தாங் அணையை வெள்ளம் அடித்துப்போனது.

கள ஆய்வுக்குப் போனால் நான் முதலில் பேசுவது ஆடு மாடு மேய்ப்பவர்களிடம்தான். புதிதாக எங்கே மண் பிளந்திருக்கிறது, எந்த மரங்கள் ஒரே பக்கம் சாய்கின்றன, எங்கே திடீரென்று ஊற்று கிளம்பியது, எந்தப் பக்கம் கல் உருளும் சத்தம் அதிகமாகிவிட்டது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நீர்த்தேக்கத்தின் மேலே உள்ள சரிவில் இவற்றைக் கண்டால் உடனே அணை நிர்வாகத்துக்கும் வருவாய்த் துறைக்கும் எழுதிக் கொடுங்கள். சரிவு நகரும் அளவைக் கோப்பில் பூட்டி வைக்காமல், கீழே வாழும் மக்களுக்கும் நிர்வாகம் சொல்ல வேண்டும்.

செங்குத்தான மலை சூழ்ந்த நீர்க்கரையில் நீங்கள் இருக்கும்போது தரை அதிர்ந்தாலோ, பாறை இடியும் பெருஞ்சத்தம் கேட்டாலோ சைரனுக்குக் காத்திருக்க வேண்டாம். படம் பிடிக்க நிற்காதீர்கள். சரியும் பக்கத்தை விட்டு விலகி, முடிந்தவரை மேட்டுக்கு ஏறுங்கள். ஒரு அலை வந்து போனதும் இறங்கிவிடாதீர்கள். இரு கரைகளிலும் மோதித் திரும்பும் நீர் மறுபடியும் ஏறி வரும்.