புதன்கிழமை உலக்கை

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். 2019 டிசம்பர் 26 காலை, சூரிய கிரகணத்தின்போது, அவருடைய பாட்டி பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே உலக்கையை நிறுத்தினாராம். கையை எடுத்த பிறகும் அது அசையாமல் நின்றதாம். கிரகணம் விட்டதும் விழுந்துவிட்டதாம். "என் கண்ணால் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறீர்கள். அப்படியானால் நான் பார்த்தது பொய்யா?" என்று கேட்கிறார்.

பொய் இல்லை. உலக்கை நின்றது. அதில் எனக்கும் அவருக்கும் தகராறே கிடையாது. எதனால் நின்றது என்பதில்தான் வழக்கு.

ஊரில் சொல்லப்படும் விளக்கம் இது: கிரகணத்தன்று சூரியனும் சந்திரனும் பூமியும் ஒரே கோட்டில் வருகின்றன, ஈர்ப்பு விசை கூடுகிறது, அது உலக்கையைப் பிடித்து நிறுத்துகிறது. கேட்பதற்கு அறிவியல் போலவே இருக்கிறது. மூன்றும் ஒரே கோட்டில் வருவது உண்மைதான் என்பதால் மறுத்துப் பேசுவதும் கடினமாகிவிடுகிறது. சந்திர கிரகணத்துக்கும் இதே விளக்கம்தான் சொல்லப்படுகிறது. அன்று சூரியனும் சந்திரனும் பூமிக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கின்றன என்பதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். சூரியன் உலக்கையை இழுக்கிறது, மெய்தான். ஆனால் உலக்கையை மட்டுமா இழுக்கிறது? தாம்பாளத்தையும் தரையையும் பெரம்பூரையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. எல்லாம் ஒன்றாகப் போகும்போது உலக்கைக்கு மட்டும் தனிச் சலுகை இல்லை. மிஞ்சுவது, பூமியின் மையத்தில் உள்ள இழுப்புக்கும் நம் வீட்டுத் தரையில் உள்ள இழுப்புக்கும் இடையிலான சின்ன வித்தியாசம். கடலில் ஓதம் ஏறி இறங்குவது இந்த வித்தியாசத்தால்தான். சூரியனும் சந்திரனும் கூட்டுச் சேர்ந்தாலும் அது பூமியின் ஈர்ப்பில் கோடியில் இரண்டு பங்குகூடத் தேறாது. மூன்று கிலோ உலக்கைக்கு அரை மில்லிகிராம் சொச்சம். ஒரு கொசு ஏறக்குறைய இரண்டு மில்லிகிராம் இருக்கும். அதாவது, விண்ணில் இருந்து இரண்டு பேரும் சேர்ந்து தூக்குவதைவிட, நம் ஊர்க் கொசு ஒன்று உலக்கைமேல் உட்கார்ந்து அழுத்துவது அதிகம். அமாவாசைதோறும் ஏறக்குறைய இதே இழுப்பு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அன்று சென்னையில் கிரகணம் பிடித்தது காலை எட்டு மணிக்கு மேல். மார்கழிச் சூரியன் தென்கிழக்கில் சாய்ந்து நின்றது. சூரியன்தான் இழுத்து நிறுத்தியது என்றால் உலக்கையும் தென்கிழக்கே சாய்ந்தல்லவா நின்றிருக்க வேண்டும்?

கணக்கு மட்டும் போதாது, செய்து பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. சென்னையில் கிரகணத்தைக்கூடப் பார்த்துவிடலாம், உலக்கை கிடைப்பதுதான் அரிது. மந்தைவெளியில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஒரு பாட்டியிடம் ஒன்று இருந்தது. நான்கடி நீளம், அடியில் இரும்புப் பூண், கைபட்டுக் கைபட்டு நடுவில் மெருகேறிய மரம். "கிரகணம் ஒன்றும் இல்லையே, எதற்கு?" என்றார். "இல்லாததால்தான் வேண்டும் பாட்டி" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். சாதாரணப் புதன்கிழமை. அமாவாசை போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. டீக்கடை மேசையின் ஒரு காலுக்கு அடியில் மடித்த காகிதம் செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று புள்ளிகள் எப்படி வைத்தாலும் ஒரே தளத்தில் அமைந்துவிடும். நான்காவதுதான் வம்பு செய்யும். மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டியவர்களுக்கு இது தெரியும். இப்போது உலக்கையின் அடியைப் பாருங்கள். பூணின் விளிம்பு விரலால் தடவினால் வழவழப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நுட்பமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். தட்டில் வைக்கும்போது அந்த வட்டம் முழுதாகப் படிவதில்லை. மூன்று மேடுகள் தொட்டாலே நின்றுவிடும். ஆக உலக்கைக்குக் கண்ணுக்குத் தெரியாத மூன்று கால்கள் இருக்கின்றன. மிக உயரமான, மிகக் குறுகலான முக்காலி அது.

முக்காலி எப்போது விழும்? அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து, கொத்தனார் பிடிப்பாரே, அதுபோல ஒரு தூக்குக்குண்டு தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு மூன்று கால்களுக்கு இடைப்பட்ட முக்கோணத்துக்குள் இருக்கும்வரை விழாது. வெளியே போனால் விழும். அவ்வளவுதான் சட்டம். பாட்டியின் உலக்கைப் பூண் ஐந்து சென்டிமீட்டர் அகலம். மூன்று கால்களும் விளிம்பில் சமதூரத்தில் இருந்தால், முக்கோணத்தின் நடுவிலிருந்து அதன் பக்கத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர். ஈர்ப்பு மையம் இருப்பது சுமார் அறுபது சென்டிமீட்டர் உயரத்தில். கணக்குப் போட்டால் 1.2 டிகிரி சாய்வு வரை தாங்கும் என்று வருகிறது. சொல்லும்போது ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது, இல்லையா? ஆனால் நான்கடி உயரத்தில், உலக்கையின் உச்சியில், அது இரண்டரை சென்டிமீட்டர்! உச்சியை ஓர் அங்குலப் பிசகுக்குள் நேராக்கிவிட்டால் போதும், உலக்கை நின்றுவிடும். பொறுமையான கைக்கு ஓர் அங்குலம் தாராளம்.

இதைவிட அழகான சங்கதி ஒன்று உண்டு. நிற்கிற உலக்கை சாய வேண்டுமென்றால் அதன் ஈர்ப்பு மையம் முதலில் மேலே ஏற வேண்டும். ஏறிய பிறகுதான் கீழே விழ முடியும். குழிக்குள் கிடக்கும் கோலிக்குண்டு வெளியே வர, குழியின் விளிம்பை ஏறிக் கடக்க வேண்டும் அல்லவா? அதேதான். இந்த உலக்கைக்கு அந்த விளிம்பு எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டேன். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு தலைமுடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனம். இரண்டு முடி உயரமுள்ள ஒரு வரப்பு. மூன்று கிலோ மரத்தை அதுதான் கட்டிக் காக்கிறது. ஊசியை முனையில் நிறுத்த முடியாததற்குக் காரணம், அங்கே வரப்பென்று சொல்ல எதுவுமே இல்லை என்பதுதான்.

தண்ணீருக்கு இதில் பெரிய வேலை இல்லை. ஊற்றியும் பார்த்தேன், ஊற்றாமலும் பார்த்தேன், இரண்டிலும் நின்றது.

முதல் இருபது நிமிடம் எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோள் வலித்தது. பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது: உலக்கை விரல்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும், இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று, எந்த விரலையும் தள்ளாத ஒரு கணம் வரும், அப்போது பிடியை விட வேண்டும். பதினான்காவது முயற்சியில் நின்றது. தெருவில் தண்ணீர் லாரி போனபோதும் நின்றது. ஒரு மணி நேரம் கழித்து, மாடி வீட்டுப் பையன் படிகளைத் தாவித் தாவி இறங்கியபோது விழுந்தது. அது கிரகணம் விடும் நேரமாக இருந்திருந்தால் நானே திகைத்திருப்பேன்.

கிரகண நாளில் மட்டும் நிற்பதாகத் தோன்றுவதன் காரணம் இவ்வளவுதான். மற்ற நாள்களில் யாரும் உலக்கையோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டுவதில்லை. கிரகணத்தன்று வீடே அமைதியாக இருக்கிறது, எங்கும் போகக்கூடாது, சமையலும் இல்லை, நிற்கும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. நிற்காத உலக்கையைப் படம் எடுத்து யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் இல்லை.

மக்களுக்கு அறிவியல் தெரியவில்லை என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது எங்கள் தெரு இஸ்திரிக்காரர் லேண்டருக்கும் ரோவருக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கே விளக்கினார். தகவலுக்குப் பஞ்சமில்லை. "கிரகணம் இல்லாத நாளிலும் நிறுத்திப் பார்த்தீர்களா?" என்ற ஒரு கேள்விக்குத்தான் பஞ்சம். அந்தக் கேள்வியைக் கேட்கப் பள்ளிக்கூடத்தில் நமக்குப் பழக்கவில்லை. சொல்லப்போனால், கேட்காமல் இருக்கப் பழக்கினார்கள்.

மேல்நிலைப் பள்ளியில் தனி ஊசல் சோதனை செய்தவர்கள் கையைத் தூக்குங்கள். நூலில் குண்டைக் கட்டி, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, புவி ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மீட்டர் நூலுக்கு நாற்பது விநாடி வரும். எனக்கு வந்த அளவுகளின்படி விடை 9.1. ஆசிரியர் ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "9.8 வரணும்" என்றார். வந்தது: விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவுகளை எழுதினேன். பக்கத்து மேசையிலும் அதேதான் நடந்தது. முழு மதிப்பெண். எங்கே பிழைத்தது, நூலின் நீளத்தை எங்கிருந்து அளந்தேன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் அந்த 9.1 எனக்கு எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருக்கும். முடிவை முதலில் வைத்துக்கொண்டு சாட்சியைப் பிறகு தேடுவது பாட்டியின் வழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். நாங்கள் அதை ஆய்வகத்திலேயே கற்றோம்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்தில் சேர்த்தாயிற்று, 51-ஏ பிரிவில். கடமையைக் குடிமக்கள் தலையில் வைத்த நாடு, தன் பங்குக்கு 2020-21-இல் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். பூட்டிக் கிடக்கும் பள்ளி ஆய்வகங்களுக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் இது பழைய அறிவியல் ஊர். நுங்கம்பாக்கத்தில் 1792-இலேயே வானாய்வகம் இருந்தது. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874-இல் வெள்ளி சூரியனைக் கடக்கும் நிகழ்வை ஒட்டி, அது எப்படி நடக்கிறது என்பதைப் பொதுமக்களுக்காகக் கேள்வியும் பதிலுமாக, உரையாடல் வடிவில் சிறு நூலாக எழுதினார். இந்திய மொழிகளிலும் அது வெளிவந்தது. வாசகர்கள் கேள்வி கேட்பார்கள் என்று நம்பிய மனிதர்.

2019 கிரகணத்தன்று எனக்கு வேறொரு வருத்தமும் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் உலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே சாலையில் வேப்பமரத்து நிழலெங்கும் நூற்றுக்கணக்கான பிறைகள் கொட்டிக் கிடந்தன. இலைகளுக்கு நடுவே உள்ள ஒவ்வோர் இடுக்கும் ஓர் ஊசித்துளைக் கேமரா. ஒவ்வொன்றும் கடிபட்ட சூரியனைத் தரையில் வரைந்துகொண்டிருந்தது. கிரகணத்தன்று மட்டுமே நடக்கும் அதிசயம் அது. பார்க்கத்தான் ஆளில்லை.

மறுநாள் உலக்கையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நின்றது என்றதும் பாட்டி தினசரி நாள்காட்டியை எடுத்துப் புரட்டினார். "இங்கே இல்லாவிட்டாலும் வேறெந்த ஊரிலாவது கிரகணம் இருந்திருக்கும்" என்றார். இல்லை என்றேன். சற்று நேரம் யோசித்தார். "நேற்று நின்றதை நான் பார்க்கவில்லையே. இன்றைக்கும் நிற்கட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லி, சமையலறையிலிருந்து தாம்பாளத்தை எடுத்துவந்து கூடத்தில் வைத்தார். மின்விசிறியையும் அவரே நிறுத்தினார்.

ஒன்பதாவது முயற்சியில் நின்றது. இந்தமுறை நிறுத்தியது நான் இல்லை.