சீவிஸ்னா என்ன, அதுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

அமெரிக்க போர்க்கப்பல் போட்டோல வெள்ளையா ஒரு டிரம்ம நிறுத்தி வச்ச மாதிரி, மேல உருண்டை மண்டை, கீழ முன்னாடி ஒரு கொத்து குழல் நீட்டிக்கிட்டு ஒண்ணு நிக்கும், பார்த்திருப்பீங்க. அது ஃபேலங்ஸ். அந்த வகை ஆயுதத்துக்கு பொதுப்பேரு க்ளோஸ்-இன் வெப்பன் சிஸ்டம் (CIWS), அதோட முதல் எழுத்தெல்லாம் சேர்த்து மாலுமிங்க வாய்ல சீவிஸ்னு ஆயிடுச்சு.

இத தமிழ்ல சில பேரு "நெருக்கமான ஆயுத அமைப்பு"ன்னு எழுதுறாங்க, படிக்கவே கஷ்டமா இருக்கு. நெருக்கம்னா நமக்கு உறவு ஞாபகம் வரும், இல்லனா பஸ் கூட்டம். இங்க விஷயம் வேற. தூரத்துலயே அடிக்கிற ஏவுகணை, அப்புறம் ஏமாத்துறதுக்கு வீசுற அலுமினிய இழை, இது எல்லாத்தையும் தாண்டி எதிரி ஏவுகணை கப்பல் கிட்ட வந்துட்டா கடைசியா மறிக்கிற வேலிதான் இது. ஒலி வேகத்த ஒட்டி வர்ற ஏவுகணை ஒன்றரை கிலோமீட்டர கடக்க சுமார் 5 செகண்ட்தான் ஆகும். மனுஷன் பார்த்து, புரிஞ்சு, குறி வச்சு சுடுறதுக்கெல்லாம் நேரமே கிடையாது.

அதனால எல்லாத்தையும் அதுவே பண்ணுது. ஃபேலங்ஸ்ல அந்த வெள்ளை மண்டைக்குள்ள தேடுற ரேடார் இருக்கு, தொடர்ந்து குறி பிடிக்கிற ரேடாரும் கூடவே இருக்கு, அது வர்ற ஏவுகணையவும் பார்க்கும், தான் சுட்ட குண்டு எங்க போகுதுன்னும் பார்த்து ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்த திருத்திக்கிட்டே இருக்கும். 20 மில்லிமீட்டர் குழல் ஆறு, நிமிஷத்துக்கு 4500 குண்டு, அதாவது செகண்டுக்கு 75. தனித்தனி வெடிச்சத்தமா கேக்காது, தடிமனான துணிய ஒரே இழுப்புல கிழிக்கிற மாதிரி இருக்கும். உள்ள நிரப்பி வச்ச 1550 குண்டும் சுமார் 20 செகண்ட்ல காலி. ரஷ்யாவோட இதே வகை ஆயுதமான ஏகே-630 பேர்லயே கணக்கு இருக்கு, 6 குழல், 30 மில்லிமீட்டர். நம்ம போர்க்கப்பல் ஐஎன்எஸ் சென்னைல இது நாலு இருக்கு.

1967 அக்டோபர்ல எகிப்தோட சின்ன படகுங்க ஏவின ஏவுகணைல இஸ்ரேலோட எய்லாத் கப்பல் மூழ்குனதுதான் எல்லா கடற்படையையும் உலுக்கிடுச்சு. ஃபேலங்ஸ் 1980ல கப்பல்ல ஏறுச்சு. 1987 மே மாசம் பாரசீக வளைகுடால அமெரிக்காவோட ஸ்டார்க் கப்பல்ல ரெண்டு எக்ஸோசே ஏவுகணை பாய்ஞ்சு 37 மாலுமிங்க செத்துட்டாங்க. அந்த கப்பல்ல ஃபேலங்ஸ் இருந்துச்சு, ஆனா தானா சுட விடாம ஸ்டாண்ட்பைல வச்சிருந்தாங்க. தானா இயங்க விடலன்னா அது வெறும் இரும்புதான், இந்த சொல்லோட உயிரே அந்த "தானா"லதான் இருக்கு. 2024 ஜனவரில செங்கடல்ல அமெரிக்காவோட கிரேவ்லி கப்பல், கிட்டத்தட்ட ஒரு மைல் வரைக்கும் வந்துட்ட ஏமன் ஹூதி படையோட ஏவுகணைய ஃபேலங்ஸ வச்சுத்தான் விழுத்தாட்டுச்சு.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். துப்பாக்கி துருக்கில இருந்து வந்த சொல்லு, பீரங்கி ஐரோப்பியர குறிக்கிற ஃபிரங்கில இருந்து வந்தது. வெளிய இருந்து வந்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, ஆனா ரெண்டுமே குழல மட்டும்தான் சொல்லுது, ரேடாரையும் கணக்கு போடுற மூளையையும் விட்டுடுது. இங்கதான் சிலப்பதிகாரம் கை கொடுக்குது. அடைக்கலக் காதைல மதுரைக் கோட்டை மதில்ல இருந்த கருவிய வரிசையா சொல்லும்போது "மிளையும் கிடங்கும் வளைவிற் பொறியும்"னு ஆரம்பிக்கும், அந்த வளைவிற்பொறிக்கு பழைய உரை என்ன சொல்லுது தெரியுமா, வளைஞ்சு தானே எய்யுற எந்திர வில்லுன்னு! ஆள் இல்லாம, கிட்ட வர்ற பகைய தானே எய்யுற காவல் கருவிக்கு பொறின்னு நம்ம ஆளுங்க அப்பவே பேரு வச்சுட்டாங்க.

அதனால என் கணக்குல இது அண்மைக் காப்புப் பொறி. அண்மைனா கிட்ட, காப்புனா இது தாக்கப் போறதில்ல தடுக்க மட்டும்தான்னு தெளிவாயிடும், பொறில அந்த "தானே" வந்துடுது. பேச்சுல நீளமா இருந்தா காப்புப்பொறின்னு சுருக்கிக்கலாம். ஃபேலங்ஸ், நெதர்லாந்தோட கோல்கீப்பர், ஏகே-630 இதெல்லாம் ஆளு பேரு மாதிரி, மொழிபெயர்க்காம அப்படியே விட்டுடுங்க, "ஐஎன்எஸ் சென்னைல நாலு ஏகே-630 காப்புப்பொறி இருக்கு"ன்னு எழுதினா போதும்.